பெரட்டுக்கு நிற்கும் முனைவர்கள்

முனைவர் பட்டம் பெற்ற ஒருவருக்கு மாலை அணிவிப்பதில் கெடா மாநிலத் தமிழர் சமுதாயம் யாருக்கும் இளைத்ததன்று. அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் நடைபெறும் ஆண்டு விழாக்களுக்குச் சென்று வந்தோர் இதனை அறிவர். பொன்னாடை உண்டு, நினைவுக் கேடயம் உண்டு, நாளேட்டில் படம் உண்டு, பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை இந்நிலைக்கு உயர்ந்தமை குறித்துத் தலைவர் ஆற்றும் நீண்ட சொற்பொழிவும் உண்டு. விழா முடிந்த மறுநாள் அந்த முனைவர் என்ன செய்கிறார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அவர் வேலை தேடுகிறார். ஆறு திங்கள் கழித்துக் கேட்டாலும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். ஓராண்டு கழித்துக் கேட்டால், மாலை வகுப்புகளில் எஸ்.பி.எம். மாணவர்க்கு வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். அத்தொழில் இழிவானதன்று. ஆனால் அதற்காக எவரும் ஐந்தாண்டுக் காலம் ஆய்வுக்கூடத்தில் கண்விழித்திருக்க வேண்டியதில்லை.

இந்நிலைக்குக் காரணம் யார் என்று வினவினால் சிலர் அரசைச் சுட்டுவர். சிலர் பல்கலைக்கழகங்களைச் சுட்டுவர். இன்னும் சிலர் கெட்ட காலத்தைச் சுட்டி முடித்துவிடுவர். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும் எவரும் சுட்டாத காரணம் ஒன்று உண்டு. வேலை என்பது ஒருவனை எவ்வாறு வந்தடைகிறது என்று இச்சமுதாயம் தன் பிள்ளைகளுக்குக் கற்பித்து வைத்திருக்கும் பாடமே அது. அப்பாடம் கற்பிக்கப்பட்ட இடம் பள்ளிக்கூடமன்று. தோட்டத்துப் பெரட்டுக் களம்.

பெரட்டு என்றால் என்னவென்று இன்றைய நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளக்க வேண்டும். பொழுது புலருமுன் தொழிலாளர் வரிசையாக வந்து நிற்பர். பெயர் வாசிக்கப்படும். எந்த நிரை எவருக்கு என்று கங்காணி சொல்வார். கிராணி ஏட்டில் குறித்துக்கொள்வார். பெயர் வாசிக்கப்படும்வரை வாய் திறவாது நிற்பதே தொழிலாளியின் கடமை. தனக்கு எந்த நிரை வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்தன. ஆயினும் பெயர் வாசிக்கப்படுவதற்காகக் காத்து நிற்கும் அந்த நிலை மட்டும் குடும்பங்களோடு நகரத்திற்குக் குடிபெயர்ந்துவிட்டது. சான்றிதழ்களைக் கோப்பில் அடுக்கு. விளம்பரம் வரும்வரை பொறு. வந்தால் பாரத்தை நிரப்பு. தெரிந்த பெரிய மனிதர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கு. அழைப்பு வரும்வரை வீட்டிலிரு. பட்டதாரிப் பிள்ளைகளுக்கு இன்றுவரை சொல்லப்படும் அறிவுரை இவ்வளவுதான்.

எழுத்தர் பணிக்கு இவ்வறிவுரை போதும். ஆசிரியர் பணிக்கும் போதும். பயிற்சிக் கல்லூரிக்கு மனுச் செய்தவன், நேர்முகத் தேர்வில் தேறி, பயின்று, கல்வி அமைச்சு அனுப்பிய பள்ளியில் போய்ச் சேர்கிறான். அவ்வழியில் வந்தோரே தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எதிர்காலம் பற்றி எடுத்துரைப்போர். தாம் நடந்த வழியைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. தெரியாத வழி இல்லாத வழி என்றே மாணவன் எண்ணிக்கொள்கிறான்.

அறிவியலில் முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பணி என்பது இவ்வழியில் வருவதே இல்லை. அது என்ன பணி என்பதையே பெற்றோர் பலர் அறியார். பட்டம் முடிந்தபின் ஓர் ஆய்வாளர், தம்மினும் மூத்த ஆய்வாளர் ஒருவரின் கூடத்தில் ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை ஒப்பந்த அடிப்படையில் சம்பளம் பெற்றுச் செய்யும் ஆய்வே அது. மருத்துவப் பட்டம் பெற்றவர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருப்பதில்லையா? அதனோடு ஏறக்குறைய ஒப்பிடலாம். ஒரு வேற்றுமை உண்டு. பயிற்சி மருத்துவருக்கு இடம் அமைச்சு தருகிறது. பிந்தைய ஆய்வாளருக்கு இடம் தருபவர் பெரும்பாலும் தனியொரு பேராசிரியர். தாம் போராடிப் பெற்ற ஆய்வு மானியத்திலிருந்து அச்சம்பளத்தை அவர் தருகிறார். ஆகவே, தம் ஆய்வுக்கு இவர் பயன்படுவாரா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார். தலைவரின் சிபாரிசுக் கடிதம் அவருக்கு எதற்கு?

மலேசியாவில் இக்கேள்வி முன்னெப்போதையினும் கூர்மையாகிவிட்டது. 2006-ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், புத்ரா பல்கலைக்கழகம் ஆகிய நான்கும் ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டன. 2010-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. 2011-இல் தொடங்கிய மைபிரேய்ன் 15 என்னும் திட்டம் 2023-க்குள் 60,000 முனைவர்களை உருவாக்க இலக்கு வைத்தது. பட்டங்களுக்கு இலக்கு வைப்பது எளிது. இருக்கைகள் அவ்வாறு பெருகுவன அல்ல. ஒரு துறையில் நிரந்தர விரிவுரையாளர் ஒருவர் ஓய்வு பெறும் நாளை எத்தனை முனைவர்கள் எதிர்நோக்கி நிற்கிறார்கள் என்பதை அத்துறையின் தலைவரைக் கேட்டால் சொல்வார். அவ்வரிசையில் நிற்கும் தமிழ் இளைஞர், தம்மைப் பின்னுக்குத் தள்ளியது இனமே என்று கூறுவர். 1971-ஆம் ஆண்டின் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் வளர்ந்த எவருக்கும் அக்கூற்றைப் பொய்யென்று தள்ள மனம் வராது. ஆனால் அதனையே முழு விடையாகக் கொண்டவர்கள் வேறொன்றுக்கு விடை சொல்ல வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆய்வுக்கூடங்களுக்கு எழுதாமல் இருந்ததற்கு எந்தக் கொள்கை தடையாக நின்றது?

எழுதிக் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று என்பதற்குச் சான்று கும்பகோணத்தில் இருக்கிறது. சீனிவாச இராமானுசனைப் பற்றித் தமிழ்ப்பள்ளிகளில் கூறப்படும் கதை பெரும்பாலும் தெய்வ அருள், வறுமை, மேதைமை ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. அவர் வேலை தேடிய கதையை எவரும் சொல்வதில்லை. அதுவோ பாடமாக வைக்கத் தக்கது. பட்டமில்லாத அவ்விளைஞர் 1910-இல் தம் கணக்கு ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் போய்க் கண்டார். அவ்வழியே நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவை அடைந்தார். அவர் திங்களுக்கு 25 ரூபாய் தந்து உதவினார். 1912-இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அத்தோடு அமைந்திருந்தால் அவர் பெயரை இன்று யார் அறிவார்? கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களான பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதினார், பயன் விளையவில்லை. 1913 சனவரி 16-இல் ஹார்டிக்கு எழுதினார். அம்மடலில் தாம் துறைமுக எழுத்தர் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்பதையும் மறைக்கவில்லை. அதனோடு தாம் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குத் திங்களுக்கு 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

இதில் கவனிக்க வேண்டியவை பல. மூன்றாவது மடலுக்குத்தான் பயன் கிட்டியது என்பது ஒன்று. மடலில் குடும்பக் கஷ்டத்தைவிடக் கணக்கு மிகுதியாக இருந்தது என்பது மற்றொன்று. அவருக்கும் பரிந்துரைத்தோர் இருந்தனரே என்று சிலர் வாதிக்கக் கூடும். இருந்தனர். ஆனால் அவர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பரிந்துரைத்தவர்கள். இக்காலத்துச் சிபாரிசுக் கடிதத்தில் கையொப்பமிடும் பெரிய மனிதர், கடிதம் கொண்டுவந்த பெண் ஆய்ந்தது புரதத்தையா பூச்சியையா என்றுகூட அறியார். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதுதான் தவறு.

இராமானுசன் பிறவி மேதை, அவரை எல்லாருக்கும் எடுத்துக்காட்டாக வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1976-இல் அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவரானார். பட்டம் பெற்றதும் அவர் செய்த முதற்செயல், அத்துறை தமக்கு உகந்ததன்று என்று துணிந்து, சான்டியாகோவில் உயிரியல் மாணவராக மீண்டும் தொடக்கத்திலிருந்து அமர்ந்ததுதான். இங்கு ஒரு பிள்ளை அவ்வாறு செய்திருந்தால் உறவினர் என்ன சொல்லியிருப்பர் என்பதை எழுதத் தேவையில்லை. ரைபோசோம் பற்றிய கட்டுரை ஒன்றை அவர் ஓர் அறிவியல் இதழில் படித்திருந்தார். அதனை எழுதியோர்க்கு மடல் எழுதினார். அவர்களுள் ஒருவரான பீட்டர் மூரின் யேல் ஆய்வுக்கூடத்தில் பிந்தைய ஆய்வாளராகச் சேர்ந்தார். விளம்பரத்தைப் பார்த்துப் போகவில்லை. கட்டுரையைப் படித்துப் போனார். அப்பணி முடிந்தபின் அவர் ஏறக்குறைய 50 கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மனுச் செய்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் ஆகிய தேசிய ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார், பின்னர் யூட்டா, 1999-இல் கேம்பிரிட்ஜ். 2009-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசு அவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது. பரிசு பெற்ற செய்தி வந்தவுடன் அவரைத் தமிழர் என்று கொண்டாடியவர்கள், அந்த ஐம்பது மறுப்புகளைப் பற்றி ஒரு மேடையிலும் பேசியதாகத் தெரியவில்லை. ஐந்து மறுப்பு வந்தவுடனே மனம் உடைந்து வீட்டில் அமரும் இளைஞனுக்கு நோபெல் பரிசைவிட அச்செய்தியே தேவை.

இப்போதுள்ள உதவித்தொகைத் திட்டங்களும் இதே வழியில்தான் அமைந்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி பிந்தைய ஆய்வு நிதிக்கு எந்நாட்டவரும் மனுச் செய்யலாம். பட்டத்திற்குப்பின் எட்டாண்டுக்கு மேற்படாத ஆய்வு அனுபவம் உடையோராக இருத்தல் வேண்டும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளையும், ஜப்பானிய அறிவியல் வளர்ச்சிக் கழகமும் இத்தகைய உதவிகளை வழங்குகின்றன. இம்மூன்றிலும் ஒரு நிபந்தனை பொது. தம் கூடத்தில் சேர்த்துக்கொள்ள இசையும் ஆய்வாளர் ஒருவரை முன்னரே கண்டுபிடித்திருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடிப்பது மனுச் செய்பவர் பொறுப்பு. கங்காணி வந்து காட்டமாட்டார்.

தரவுப் பகுப்பாய்வு என்னும் துறைக்கு வந்தால் மயக்கம் இன்னும் பெரிது. ஆறு வார வகுப்பு, ஒரு சான்றிதழ், கணினியில் சில கட்டளைகள். இவை இருந்தால் வேலை ஓடிவரும் என்று விளம்பரம் செய்வோர் பெருகியுள்ளனர். அவர்களை நம்பிப் பணம் கட்டும் முனைவர்களும் உள்ளனர். இரசாயனத்தில் ஐந்தாண்டு உழைத்த ஒருவர், தம் இரசாயனத்தை மறைத்துவிட்டு வெறும் கணினிப் பணியாளராக மனுச் செய்வது எத்துணைப் பேதைமை! கட்டளைகளை இருபது வயதுப் பிள்ளைகள் அவரைவிட விரைவாக எழுதுவர். எந்த எண் உண்மையானது, எந்த எண் கருவியின் கோளாறு என்று அறிவது ஆய்வுக்கூடத்தில் நின்றவருக்கே கைவரும். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் சில்லுத் தொழிற்சாலைகள் தேடுவதும் அத்தகையோரைத்தான். தொழிற்சாலைக்குப் போவது ஆய்வாளருக்கு வீழ்ச்சி என்ற எண்ணமும் கைவிடத் தக்கதே.

புள்ளியியலின் வரலாறே ஒரு தற்காலிக வேலையில் திரும்பியது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னும் வேளாண் ஆய்வு நிலையம் 1843 முதல் கோதுமை வயல்களில் உரமிட்டு விளைச்சலை அளந்து ஏடுகளில் குறித்து வந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஏடுகள் குவிந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க 1919-இல் ரொனால்டு ஃபிஷர் என்னும் இளைஞரைத் தற்காலிகமாக அமர்த்தினர். அதுவரை அவர் பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டிருந்தார். (நல்ல ஆசிரியர் அல்லர் என்பது அவரைப் பற்றிய பேச்சு.) தற்காலிகமாக வந்தவர் 1933-வரை அங்கேயே இருந்தார். மழை கோதுமை விளைச்சலை எவ்வாறு மாற்றுகிறது என்று 1924-இல் எழுதினார். 1925-இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் ஆய்வாளர் கைநூலாயிற்று. இன்று தரவுப் பகுப்பாய்வு என்று கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி, யாரும் விரும்பிப் படிக்காத பழைய வயலேடுகளிலிருந்து முளைத்தது.

அலோர் ஸ்டாரில் இருப்போருக்கு வயல் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நகரத்தை விட்டு எத்திசையில் சென்றாலும் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் நெல்வயல்தான். அத்திட்டத்தை நடத்தும் வாரியம் 1970-இல் இந்நகரிலேயே நிறுவப்பட்டது. பெடு, மூடா அணைகளின் நீர் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கிறது. மழை, நீர்மட்டம், விதைப்பு, பூச்சி, அறுவடை என்று அளக்கப்படாத பருவம் இல்லை. இவ்வயல்களை ஆய வெளிநாட்டார் வந்தனர். ஜப்பானிய வேளாண் அறிஞர் வந்தனர். யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்காட், 1978 முதல் 1980 வரை இங்கு ஒரு சிற்றூரில் தங்கி, உழவரிடையே வாழ்ந்து, 1985-இல் நூல் வெளியிட்டார். அந்நூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது. கடல் கடந்து ஆய்வாளர் தேடிவந்த நிலத்தின் வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் உள்ளூர் முனைவர், தமக்கு ஆய்வதற்குப் பொருளில்லை என்று கூறினால் அதனை எவ்வாறு ஏற்பது? சிந்தோக்கில் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செமெலிங்கில், இச்சமுதாயத்தின் முயற்சியால் 2001-இல் தோன்றிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் 1969 முதல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு நடைபெறும் ஆய்வுக் கருத்தரங்குகளுக்குச் சென்று, பின்வரிசையில் அமர்ந்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தவர் எத்தனை பேர்? ஒரு கேள்வி கேட்டவனை அப்பேராசிரியர் நினைவில் வைத்திருப்பார். மனுக் கட்டில் ஒரு தாளாக இருப்பவனை எவரும் நினைவில் வைப்பதில்லை.

எதிர்வாதம் ஒன்று வலிமையானது. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பிந்தைய ஆய்வுப் பணியே படித்தவரை மலிவாக வேலை வாங்கும் ஏற்பாடு என்று மேலைநாட்டு இளைஞரே முறையிடுகின்றனர். ஓர் ஒப்பந்தம் முடிய மற்றொன்று, அதுவும் முடிய வேறோர் ஊர், நாற்பது வயதில் வீடும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை என்று வாழ்வோர் பலர். தோட்டத்து ஒப்பந்தக் கூலியிலிருந்து தப்பிவந்த சமுதாயம் படித்த ஒப்பந்தக் கூலியாக வேண்டுமா என்னும் கேள்வி நியாயமானதே. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2014-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய பணியில் ஒருவர் மொத்தம் ஐந்தாண்டுக்கு மேல் இருத்தலாகாது என்று பரிந்துரைத்தது. அவ்வெல்லையை ஒவ்வோர் இளைஞரும் தமக்குத் தாமே விதித்துக்கொள்வது நன்று. சேருமுன்பே, முன்பு இக்கூடத்தில் இருந்தோர் இப்போது எங்கே இருக்கின்றனர் என்று கேட்க வேண்டும். அவர்களுக்கு எழுதி உண்மையறிய வேண்டும். அக்கேள்விக்கு முகம் சுளிக்கும் பேராசிரியரை விட்டு விலகுவதே அறிவுடைமை. கூலிக்கும் ஆய்வாளருக்கும் உள்ள வேற்றுமை, சேருமுன் கேட்கும் துணிவில் இருக்கிறது.

பெண்பிள்ளைகளின் நிலை தனியே கூறத் தக்கது. ஆய்வுப் பட்டம் பெற்ற பெண்ணுக்கு ஜெர்மனியிலிருந்து அழைப்பு வருகிறது. இரண்டாண்டு. உறவினர் கூடுகின்றனர். இவ்வளவு படித்ததே அதிகம், இனி மாப்பிள்ளை பார்ப்பதே கடினம் என்கின்றனர். அழைப்பு அடுத்தவருக்குப் போய்விடுகிறது. இராமானுசனையும் கடல் கடக்க வேண்டாமென்று அவர் அன்னை முதலில் தடுத்தவரே, பின்னர் இசைந்தார். நூறாண்டுக்கு முன் கும்பகோணத்து அந்தணக் குடும்பத்துத் தாய்க்குக் கூடிய மனமாற்றம், வானூர்தியில் ஏறினால் ஒரு நாளுக்குள் போய்ச் சேரும் இக்காலத்தில் கெடாவின் குடும்பங்களுக்கு ஏன் கூடவில்லை? மேடையில் பெண் கல்வி பற்றி முழங்கும் தலைவர்களே அக்குடும்பக் கூட்டங்களிலும் அமர்ந்திருக்கின்றனர். அங்கு அவர்கள் வாய் திறப்பதில்லை.

இனிச் சங்கங்களின் செயலைப் பார்ப்போம். பொன்னாடைக்கும் கேடயத்திற்கும் மண்டப வாடகைக்கும் விருந்துக்கும் செலவாகும் பணத்தில், மாநாட்டில் ஆய்வுரை படிக்கச் செல்லும் ஓர் இளைஞரின் விமானக் கட்டணத்தை ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். அயல்நாடுகளில் ஆய்வுப் பணியில் இருக்கும் மலேசியத் தமிழரைக் கண்டறிந்து, அவர்களிடம் இங்குள்ள இளைஞரின் மடலைப் படித்துத் திருத்தித் தரக் கேட்கலாம். பெரும்பாலோர் மறுக்கமாட்டார். இப்போது எழுதப்படும் மடல்கள் எத்தகையவை? ஐயா, தங்கள் புகழ்பெற்ற கூடத்தில் ஏதேனும் பணி இருப்பின் அருள்கூர்ந்து தெரிவிக்கவும் என்று ஒரே மடலை நூறு பேருக்கு அனுப்புகின்றனர். பெறுபவர் முதல் வரியிலேயே அதனை ஒதுக்கிவிடுகிறார். அவருடைய கட்டுரையைப் படித்து, அதிலுள்ள ஓர் ஐயத்தைச் சுட்டி, தாம் செய்ததை அதனோடு இணைத்துக் காட்டும் மடல் ஒரு பக்கத்தில் அடங்கும். அதை எழுத ஒரு வாரம் பிடிக்கும்.

தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. புத்தாக்கப் போட்டிகளில் பிள்ளைகள் பதக்கம் வாங்கி வருகின்றனர், மகிழ்ச்சி. ஆனால் பதக்கத்தைப் படம் பிடித்து மாட்டும் பள்ளி, அப்பிள்ளைகள் நாள்தோறும் அளந்து குறித்த ஏட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறதா? பல இடங்களில் அத்தகைய ஏடே இல்லை. ஆசிரியர் செய்து கொடுத்ததைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்புவித்து வந்திருக்கிறது. ஒப்புவித்து வென்ற பிள்ளை, வளர்ந்து முனைவரானபின் தன் ஆய்வைப் பற்றி ஒரு பேராசிரியர் குறுக்கே மடக்கிக் கேட்கும்போது வாயடைத்து நிற்கிறது. ஐந்தாம் ஆண்டில் ஒரு மாணவி பள்ளித் தோட்டத்து மழைமானியைப் பார்த்து மூன்று திங்கள் குறித்துவைத்து, ஏன் இந்த வாரம் எண் தவறாக இருக்கிறது என்று தானே கேட்பாளாயின், அவளுக்குப் பதக்கம் இல்லாவிடினும் கேடில்லை.

மேரி கியூரி நிதிக்கான மனுக்கள் ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்களில் முடிவடைவது வழக்கம். அதற்குமுன் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரின் இசைவு வேண்டும். இருவரும் சேர்ந்து ஆய்வுத் திட்டம் எழுத இரண்டு மூன்று திங்கள் வேண்டும். முதல் மடலுக்கு விடை வராமல் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் எழுதக் காலம் வேண்டும். எண்ணிப் பார்த்தால், அம்முதல் மடல் தைப்பூசத்திற்குள் போயிருக்க வேண்டும்.